குறியும் வாக்கும்: தமிழ்க் கிறித்தவ மரபில் நம்பிக்கை நிலைபெறும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமயத்தில் நம்பிக்கை என்பது இறைவன் அளித்த வாக்கைப் பற்றி நிற்பது. ஆயினும் அவ்வாக்கு வருவதுரைக்கும் குறியாகக் கொள்ளப்படும்போது, எதிர்பார்த்தது நிகழாத அன்றே நம்பிக்கை தளர்கிறது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை என்னும் வழக்கத்தைத் தொடக்கமாகக் கொண்டு, நம்பிக்கை, எதிர்நோக்கு, வாக்குத்தத்தம் ஆகிய மூன்று சொற்களின் பொருட்பரப்பையும், எரேமியா நூலின் ஒரு பகுதியையும், இரட்சணிய யாத்திரிகத்தின் மூலக்கதையில் வரும் திறவுகோல் உருவகத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குறிக்கும் வாக்குக்கும் உள்ள வேறுபாடே நிலைத்த நம்பிக்கையை விளங்கிக்கொள்ளும் வழி என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நம்பிக்கை, எதிர்நோக்கு, வாக்குத்தத்தம், திருவிவிலிய மொழிபெயர்ப்பு, இரட்சணிய யாத்திரிகம்.

1. முன்னுரை

தமிழகச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு ஆராதனையின் நிறைவில் வாக்குத்தத்த அட்டைகள் வழங்கப்படுகின்றன. திருவிவிலிய வசனம் ஒன்று அச்சிடப்பட்ட சிறு அட்டையைத் தட்டிலிருந்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வர். சபை முழுமைக்குமான ஆண்டு வசனத்தைப் போதகர் அறிவிப்பதும் உண்டு. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளும், இன்று ஆவடி மாநகராட்சியில் அடங்கும் சேக்காடு போன்ற பழைய ஊர்களும் இவ்வழக்கம் வேரூன்றிய நிலப்பகுதியைச் சேர்ந்தவை. தொழிற்சாலைப் பணியை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் குடியேறிய இப்பகுதியில் தத்தம் ஊர்ச் சபை மரபுகளும் அவர்களுடன் வந்து சேர்ந்தன. அந்த அட்டை வேதப் புத்தகத்தின் இடையிலோ அலமாரிக் கண்ணாடியின் ஓரத்திலோ ஓராண்டுக் காலம் இருக்கிறது.

அவ்வாண்டு அட்டையின் சொல்லுக்கு மாறாக முடியவும் கூடும். உடல்நலம் பற்றிய வசனத்தை எடுத்த இல்லத்தில் இறப்பு நிகழலாம். செழிப்பு பற்றிய வசனத்தை எடுத்தவர் வேலை இழக்கலாம். அப்போது எழும் வினா இறையியலார்க்கு மட்டும் உரியதன்று. ‘வாக்கு’ என்பதைத் தமிழ் மனம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்னும் மொழியியல் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. தவறியது வாக்கா, அதை வாங்கிக்கொண்ட முறையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் சிக்கல்.

2. குறி கேட்டலும் வாக்குப் பெறுதலும்

வருவதை அறியும் வேட்கை தமிழர் வாழ்வில் பல வடிவங்களில் வெளிப்பட்டுள்ளது. சங்க அகப்பாடல்களில் கட்டுவிச்சி நெல்லை எண்ணிக் கட்டுப் பார்க்கிறாள். கோயில்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. சைவ மரபில் திருமுறை ஏட்டில் கயிறு சாத்தி, கிடைக்கும் பாடலைத் தம் வினாவுக்கு விடையாகக் கொள்வர். ஐரோப்பியச் சீர்திருத்த மரபிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. ஜெர்மனியின் எர்ன்கூட் நகரத்து மொரேவியச் சபையார் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டெடுத்துத் தேர்ந்த வசனங்களை ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டு வருகின்றனர். எனவே வாக்குத்தத்த அட்டையை அயல் வரவு என்றோ, உள்ளூர்ச் சடங்கின் எச்சம் என்றோ ஒருதலையாகக் கூறிவிட இயலாது. புனித நூலின் சொல் தனக்கெனத் தனியே வந்தடைய வேண்டும் என்னும் ஏக்கம் எல்லா இடங்களுக்கும் பொதுவானது.

அந்த ஏக்கத்தை இலக்கியமாக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). குறவஞ்சி இலக்கியத்தில் தலைவிக்குக் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வது மையமான உறுப்பு. சாஸ்திரியார் தம் பெத்தலேகம் குறவஞ்சியில் அவ்வுறுப்பை நீக்காமல், குறத்தியின் வாயிலாக வேதச் செய்தி வெளிப்படுமாறு அமைத்தார். வடிவம் குறியாகவே இருக்க, உள்ளீடு வேறொன்றாகிறது. இம்மாற்றம் எத்தன்மையது என்பதைக் காண, குறியையும் வாக்கையும் பிரித்தறிதல் வேண்டும்.

குறி என்பது இனி நிகழவிருப்பதைப் பற்றிய செய்தி. அதைச் சொல்பவர் அதனால் எக்கடப்பாட்டுக்கும் உட்படுவதில்லை. மழை வரும் என்று சொன்னவர் மழையைத் தருபவர் அல்லர். வாக்கு அத்தகையதன்று. ஒருவர் மற்றொருவர்க்கு வாக்குக் கொடுக்கும்போது தம்மையே அதற்குப் பிணையாக்குகிறார். குறி பொய்த்தால் சொன்னவரின் அறிவு குறையுடையதாகும். வாக்குப் பொய்த்தால் சொன்னவரின் பண்பே குறையுடையதாகும். ஆகவே குறியைக் கேட்டவர் நிகழ்ச்சியை எதிர்பார்க்கிறார். வாக்கைப் பெற்றவர் தந்தவரையே நம்புகிறார்.

3. நம்பிக்கை என்னும் சொல்

‘நம்பு’ என்பதன் பழம்பொருள் இங்குக் கருதத்தக்கது. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’, ‘மேவு’ ஆகிய இரு சொற்களுக்கும் நசை, அதாவது விருப்பம், என்று பொருள் வரையறுக்கிறது. சிவபெருமானை நம்பன் என்று அழைக்கும் பத்தி மரபில் விரும்பத்தக்கவன் என்னும் பொருளும், சார்ந்து நிற்கத்தக்கவன் என்னும் பொருளும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கின்றன. விரும்புதலில் தொடங்கிச் சார்ந்து நிற்றலில் முடியும் இப்பொருள் வளர்ச்சி, நம்பிக்கையின் இயல்பையே எடுத்துக்காட்டுகிறது எனலாம். எதன்மேலும் விருப்பம் இல்லாதவர்க்கு நம்பிக்கையும் இல்லை. விருப்பம் மட்டும் உடையவர்க்கு அது கனவாகவே நின்றுவிடும்.

இவ்விரு கூறுகளுள் சார்தலைக் குறிக்கத் திருக்குறள் ‘தேறுதல்’, ‘தெளிதல்’ என்னும் சொற்களை ஆள்கிறது. தெரிந்துதெளிதல் என்னும் 51ஆம் அதிகாரம், ஒருவரை ஆராய்ந்த பின்னரே தெளிதல் வேண்டும் என்கிறது. நம்பிக்கையின் உறுதி, நம்புபவரின் மனத்திண்மையினும், நம்பப்படுபவரின் தகுதியையே பொறுத்தது என்பது அதன் உட்கருத்து. இதே ‘தேறு’ என்னும் வினையின் பிறவினையாகிய ‘தேற்று’ என்பதிலிருந்து, பழைய திருவிவிலிய மொழிபெயர்ப்பில் தூய ஆவியைக் குறிக்கும் ‘தேற்றரவாளன்’ என்னும் சொல் உருவானது. தெளியச் செய்தலே ஆறுதல் என்னும் பொருள் நெருக்கம் இச்சொல்லில் பொதிந்துள்ளது.

4. விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு

கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் நிலைத்து நிற்பவை மூன்று என்கிறது. 1871இல் முழுமையாக வெளிவந்த சீர்திருத்தச் சபைகளின் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்புகளில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப்படுகின்றன. கத்தோலிக்கரும் நெடுங்காலம் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்றே வழங்கினர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைத்தது. ‘விசுவாசம்’ என்னும் வடசொல்லின் இடத்தை ‘நம்பிக்கை’ ஏற்றது. அது விட்டுச்சென்ற இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்தது.

இதன் விளைவாக, ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் உள்ள இரு ஆலயங்களில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களைத் தருகிறது. சீர்திருத்தச் சபையார்க்கு அது வருங்காலத்தை நோக்கியது. கத்தோலிக்கர்க்கு இறைவனை ஏற்றுக்கொள்ளும் நிலை. கத்தோலிக்க வழிபாட்டில் விசுவாசப் பிரமாணம் இன்று ‘நம்பிக்கை அறிக்கை’ ஆகியுள்ளது. சமயத் தமிழை ஆராய்வோர், ஒரு பனுவல் எந்த மரபைச் சார்ந்தது, எக்காலத்தது என்பதை உறுதிசெய்யாமல் இச்சொல்லுக்குப் பொருள் கொள்வது பிழைக்கு இடமளிக்கும்.

‘எதிர்நோக்கு’ என்பது நல்ல ஆக்கம். தமிழில் ‘எதிர்’ என்பது முன்னிலையையும் வருங்காலத்தையும் ஒருங்கே குறிப்பது. தொல்காப்பியம் முக்காலத்தையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறது. வருங்காலம் நம்மை நோக்கி எதிரே வருவது. அதன் முகத்தை நோக்குதலே எதிர்நோக்கு. கத்தோலிக்கத் திருஅவை கொண்டாடிய 2025ஆம் ஆண்டு யூபிலியின் கருப்பொருளும் தமிழில் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என வழங்கப்பட்டு, இச்சொல்லைப் பொதுவழக்கில் மேலும் பரப்பியது.

எனினும் அச்சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. நாளிதழ்த் தமிழில் ஊர் வெள்ள அபாயத்தை எதிர்நோக்குகிறது. நிறுவனம் நெருக்கடியை எதிர்நோக்குகிறது. வருவது நன்றா தீதா என்பதைச் சொல் தன்னளவில் கூறுவதில்லை. பழைய கிரேக்கத்தின் ‘எல்பிஸ்’ என்னும் சொல்லும் இவ்வாறே நன்மை, தீமை இரண்டின் எதிர்பார்ப்பையும் குறித்தது. விவிலிய எழுத்தாளர்கள் அச்சொல்லை நன்மைக்கே உரியதாக்கினர். அவர்கள் அவ்வாறு ஆக்க இயன்றது வருங்காலத்தைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்தமையால் அன்று. வாக்களித்தவரைப் பற்றிய தெளிவு அவர்களிடம் இருந்தமையால். எபிரேயத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘திக்வா’ என்னும் சொல் கயிற்றையும் குறிக்கும். யோசுவா நூலில் இராகாபு தன் சாளரத்தில் கட்டும் சிவப்புக் கயிற்றுக்கு அச்சொல்லே ஆளப்படுகிறது. ஒற்றர் கொடுத்த வாக்கின் அடையாளம் அக்கயிறு. நகரம் வீழ்ந்த நாளில் அவள் இல்லம் காக்கப்பட்டது அவ்வாக்கினாலேயே.

5. வாக்குத்தத்தம்

எபிரேயத்தில் ‘வாக்குறுதி’ என்பதற்கெனத் தனிச்சொல் இல்லை. ‘சொல்’ என்பதே அப்பொருளையும் தரும். தமிழிலும் ‘வாக்கு’ என்பது பேச்சையும் உறுதிமொழியையும் ஒருங்கே குறிக்கிறது. ‘சொல் தவறாதவர்’ என்றால் உச்சரிப்புப் பிழையற்றவர் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இந்த வாக்கோடு ‘தத்தம்’ சேர்ந்து ‘வாக்குத்தத்தம்’ உருவாயிற்று. தத்தம் என்பது கொடை. நீர்வார்த்துக் கொடுத்துவிட்ட பொருளைக் குறிக்கும் வழக்கும் அதற்கு உண்டு. கொடுத்தவர் திரும்பப் பெற இயலாத கொடையாக வாக்கு அமைகிறது என்னும் குறிப்பு இச்சொல்லில் உள்ளது. பொது மொழிபெயர்ப்பின் ‘வாக்குறுதி’ எளிமையும் தெளிவும் உடையது. ஆயினும் கொடை என்னும் கூறு அதில் புலப்படுவதில்லை.

வாக்கு கொடுத்தவரையே கட்டும் என்பது தமிழ் இலக்கிய மனத்துக்குப் புதியதன்று. கம்பராமாயணத்தில் கைகேயிக்கு அளித்த இரு வரங்கள் தசரதனின் உயிரையே கொள்கின்றன. தொடக்கநூலின் 15ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒப்பான கடுமையுடைய ஒரு காட்சி உண்டு. உடன்படிக்கை செய்வோர் இருகூறாகப் பிளந்த விலங்குகளின் நடுவே நடந்து செல்வது அக்கால வழக்கம். உடன்படிக்கையை மீறினால் அவ்விலங்குகளின் கதி தமக்கு நேரட்டும் என்பது அதன் பொருள். அங்கோ ஆபிரகாம் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்க, இறைவனின் அடையாளமாகிய நெருப்பு மட்டுமே கூறுகளின் நடுவே கடந்து செல்கிறது. கடப்பாடு முழுவதும் வாக்களித்தவர்மேலேயே விழுகிறது. எபிரேயர்க்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 6ஆம் அதிகாரம், தம்மினும் பெரியவர் எவரும் இல்லாமையால் இறைவன் தம்மேலேயே ஆணையிட்டார் என விளக்கி, அவ்வாணையைப் பற்றிய நம்பிக்கையை உயிருக்கு நங்கூரமாக உவமிக்கிறது. நங்கூரம் அலையை நிறுத்துவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஆழத்தில் பற்றிக்கொண்டு கலத்தை நிறுத்துகிறது. சிலுவையைக் கிறித்தவர் வாக்குத்தத்தத்தின் முத்திரையாகக் கொள்வதும் இந்நோக்கிலேயே. வாக்கின் விலையைக் கொடுத்தவரே செலுத்தினார் என்பது அவர்தம் நம்பிக்கை.

6. இரண்டாண்டும் எழுபதாண்டும்

வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக இடம்பெறும் வசனங்களுள் எரேமியா 29:11 ஒன்று. இறைவனின் எண்ணங்கள் தீமைக்கல்ல, நல்வாழ்வுக்கே உரியவை என்பது அதன் கருத்து. தனியே படிக்கும்போது அது உடனடி நன்மையின் அறிவிப்பாகத் தோன்றும். அது அமைந்துள்ள இடமோ வேறுபட்டது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தின் பகுதி அது. அதற்கு முந்திய வசனம் விடுதலைக்குரிய காலத்தை 70 ஆண்டுகள் எனக் குறிக்கிறது. அக்கடிதத்தைக் கேட்ட வளர்ந்தோர்க்கு அதன் பொருள் வெளிப்படை: வாக்கு நிறைவேறும் நாளில் அவருள் பெரும்பாலோர் உயிரோடிருக்க மாட்டார்.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவர் இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்ப வரும் என்று முழங்குகிறார். மக்கள் கேட்க விரும்பிய சொல் அது. அவருடையது குறியின் இயல்புடையது. கால அளவு குறுகியது, இனிமை மிகுந்தது, பொய்த்தது. எரேமியாவின் சொல் கேட்போரை வீடு கட்டவும், தோட்டமிட்டு அதன் கனியை உண்ணவும், மக்கட்கு மணம் முடிக்கவும், தாம் வாழும் அந்நகரின் நலத்துக்காக வேண்டவும் பணிக்கிறது. விரைவில் ஊர் திரும்புவோம் என்று எண்ணுபவர் மரம் நடுவதில்லை. தம் காலத்துக்குப் பின்னும் வாக்கு நிற்கும் எனத் தெளிந்தவரே அயல்மண்ணில் மரம் நடுவர்.

நிலைத்த நம்பிக்கைக்கும் தற்காலிக ஆறுதலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு அதிகாரங்கள் காட்டுகின்றன. பின்னது துன்பத்தின் அளவைக் குறைத்துச் சொல்கிறது. முன்னது துன்பத்தின் முழு நீளத்தையும் கூறிவிட்டு, அதற்குள் வாழும் வழியைத் தருகிறது. தம் ஊரை விட்டு வந்து பிறிதோரிடத்தில் வேர்விட்ட புறநகர்க் குடும்பங்கள் இக்கடிதத்தை முழுமையாகப் படிக்குமாயின், 11ஆம் வசனத்தினும் 5ஆம் வசனமே அவற்றின் வாழ்வுக்கு அணுக்கமாகத் தோன்றக்கூடும்.

7. பயணியும் திறவுகோலும்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கிறித்தவக் கம்பர் என்று போற்றப்படுபவர். ஜான் பனியன் ஆங்கிலத்தில் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது அது. ஓர் ஆன்மாவின் வீடுபேற்றுப் பயணமே காப்பியப் பொருள். கம்பரின் காண்டப் பெயரை நினைவூட்டும் ஆரணிய பருவம், இலக்குக்கும் தொடக்கத்துக்கும் இடையே நெடுவழி கிடக்கிறது என்பதைப் பெயரளவிலேயே உணர்த்துகிறது.

தழுவப்பட்ட மூலக்கதையின் அமைப்பில் மூன்று செய்திகள் நம்பிக்கையைப் பற்றியவை. 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த ஒருவரின் படைப்பு அது என்பதும் உடன் கருதத்தக்கது. முதலாவதாக, நம்பிக்கையைப் பெயராகக் கொண்ட தோழன் பயணத்தின் தொடக்கத்தில் இல்லை. பற்றுறுதியின் உருவகமான முதல் தோழன் மாயச் சந்தையில் கொல்லப்பட்ட பின்னரே, அவன் சான்றைக் கண்டு உள்ளம் மாறி இவன் வந்து சேர்கிறான். நம்பிக்கை இழப்பின்மேல் முளைத்ததாகக் காட்டப்படுகிறது.

இரண்டாவதாக, இருவரும் வழிதவறி ஐயத்தின் கோட்டையில் அவநம்பிக்கை அரக்கனிடம் சிறைப்படுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் நீருமின்றி இருட்டறையில் கிடக்கின்றனர். அடித்துத் துன்புறுத்திய அரக்கன், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறான். தலைவன் அதற்கு இணங்கும் நிலையை அடையும்போது தடுப்பவன் நம்பிக்கை என்னும் தோழன். ஆயினும் கதவைத் திறப்பது அவனன்று. இரவு முழுதும் வேண்டுதல் செய்தபின், வாக்குறுதி என்னும் பெயருடைய திறவுகோல் தன் மார்பகத்தே தொடக்கம் முதலே இருந்ததைத் தலைவன் நினைவுகூர்கிறான். அதுவே எல்லாப் பூட்டுகளையும் திறக்கிறது. கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகக் கடினமாகத் திரும்புகிறது. நம்பிக்கை உயிரைக் காத்து நிற்க, வாக்கு விடுதலை தருகிறது. இவ்விரண்டின் பணிகளையும் பனியன் தெளிவாகப் பிரித்துக் காட்டியுள்ளார்.

மூன்றாவதாக, இறுதியில் இறப்பின் ஆற்றைக் கடக்கும்போது தலைவன் மூழ்கத் தொடங்குகிறான். நம்பிக்கை அவன் தலையைத் தாங்கி, தன் கால் தரையில் ஊன்றியிருப்பதைத் தெரிவிக்கிறான். ஆறு வற்றவில்லை, திறவுகோலை உடையவனும் ஆற்றுக்குத் தப்பவில்லை. இவ்வுருவகத்தில் வாக்குறுதி பயணியை இறப்பிலிருந்து விலக்கவில்லை. இறப்பின் வழியே கடத்துகிறது.

8. நிறைவு காணாதோர்

வாக்கு நிறைவேறக் காணாமலேயே இறந்தவர் நம்பிக்கை வீணாயிற்றா என்னும் வினாவைக் கிறித்தவ மறைநூல் தவிர்க்கவில்லை. எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் ஆபேல் முதலானோரைப் பெயர் சொல்லிப் போற்றிவிட்டு, அவர்கள் வாக்களிக்கப்பட்டதை அடையாமல் தொலைவிலிருந்து கண்டு வாழ்த்தி இறந்தனர் என ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. அவர்களுக்கு அது சூட்டும் பெயர் இம்மண்ணில் அந்நியர் என்பது. புறப்பட்டு வந்த ஊரையும், சென்று சேராத ஊரையும் ஒருங்கே நெஞ்சில் சுமப்பவரின் நிலை அது. உரோமையர் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம் ஆபிரகாம் தன் உடல் தளர்ந்தமையை அறிந்தே நம்பினார் என்கிறது. உள்ளதை இல்லையென மறுப்பது நம்பிக்கையாகாது என்பது இதனால் பெறப்படும்.

அடிப்படையில் இது குறியின் அளவுகோலை மறுப்பதாகும். குறியின் மெய்ம்மை குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுவப்பட வேண்டும். வாக்கின் மெய்ம்மையோ கொடுத்தவர் உள்ளளவும் உயிருடன் இருக்கும். கிறித்தவ நம்பிக்கையில் வாக்களித்தவர்க்கு முடிவு இல்லை. உயிர்த்தெழுதல் பற்றிய கோட்பாட்டால் வாக்கைப் பெற்றவர்க்கும் இறப்பு இறுதியன்று. இவ்விரு கூறுகளையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது நல்வாக்கு கேட்டுப் பெறும் மகிழ்ச்சி மட்டுமே. அது டிசம்பரில் காலாவதியாகும்.

9. முடிவுரை

நம்பிக்கை என்னும் தமிழ்ச்சொல் விருப்பத்தையும் சார்ந்து நிற்றலையும் தருகிறது. எதிர்நோக்கு வருங்காலத்தின்பால் முகந்திருப்பிய நிலையைத் தருகிறது. வாக்குத்தத்தம் திரும்பப் பெறவியலாக் கொடையைத் தருகிறது. இம்மூன்றும் இணையுமிடத்தில் கிறித்தவம் கூறும் நிலைத்த நம்பிக்கை அமைகிறது. முதலாவது மட்டும் இருப்பின் அது வேட்கை. இரண்டாவது மட்டும் இருப்பின் காத்திருப்பு. மூன்றாவது மட்டும் இருப்பின் எடுப்பாரின்றிக் கிடக்கும் திறவுகோல்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையும் இவ்வொளியில் மதிப்பிடத்தக்கது. ஆண்டின் நிகழ்வுகளை முன்னுரைக்கும் சீட்டாகக் கொள்ளப்பட்டால் அது குறத்தியின் குறியிலிருந்து வேறுபடுவதில்லை. ஒரு துயரமே அதைப் பொய்யாக்கப் போதும். வாக்களித்தவரின் பண்பை நினைவூட்டும் சான்றாகக் கொள்ளப்பட்டால், துயர ஆண்டில் அதன் தேவை மிகுகிறது. இறப்பு நிகழ்ந்த இல்லத்திலும் அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் பழைய அட்டை அகற்றப்படாமல் இருப்பதைக் காணும் கள ஆய்வாளர், அதை அறியாமை என்றோ பழக்கம் என்றோ விரைந்து முடிவு செய்தல் ஆகாது. அவ்வீட்டார் அதைக் குறியாகப் பெற்று, பின்னர் வாக்காகப் படிக்கக் கற்றிருத்தலும் கூடும்.